நான் தலையாட்டிய பிள்ளை

சாவியை வீட்டுக்காரரின் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் அந்த அறையில் பதினான்கு மாதம் இருந்திருக்கிறேன்; எனக்கு அது நீண்ட காலம். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியம் கழிந்த நேரம். உறைபனியின் மேல் தூவியிருந்த சிறுகல் சப்பாத்துக்கடியில் நறநறத்தது. மெட்ரோ பிடித்து நகரத்துக்குப் போய், ஐந்து மணிப் பேருந்தில் சுவீடனுக்குப் போய்விடுவதுதான் என் எண்ணம். அங்கே தெரிந்த ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்டது.

சட்டைப் பைக்குள் நீதிமன்றக் கடிதம் இருந்தது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். என் சொல்லை வைத்துத்தான் இரண்டு கறுப்பினப் பிள்ளைகள் மேல் வழக்கு. நான் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆண்டவர் என்னை எப்படி நிறுத்தினார் என்பதை உங்கள் முன் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பது வருடத்தில் ஐந்து நாடுகளில் இருந்திருக்கிறேன். நோர்வேயின் வடக்கில் மீன் வெட்டினேன். ஜேர்மனியில் பூந்தோட்டம், பாரிசில் சமையலறை. ஒரு இடத்தில் தொல்லை வந்தால் பையைத் தூக்குவேன். அதில் எனக்குக் கவலையும் இல்லை, பெருமையும் இல்லை. கடைசியாக ஒஸ்லோவில் புருசெத் பக்கம் ஒரு தமிழ்க்கடையில் மரக்கறிப் பெட்டி இறக்கினேன். முதலாளியின் பெயர் தேவா. வயதில் மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

நவம்பரில் ஒரு நாள் பின்னேரம் நாலரை மணி. அந்த மாதத்தில் அந்நேரமே இருட்டிவிடும். கடைக்குப் பின்னால் வெறும் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மெட்ரோவுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு முதிய நோர்வேஜியப் பெண்ணை யாரோ தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேர். கறுப்புச் சட்டை, தலையை மூடிய தொப்பி. ஒருவன் விளக்கின் கீழ் ஒரு கணம் திரும்பினான். கறுப்பு நிறம் என்று கண்டேன். அவ்வளவுதான் கண்டேன். என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அந்த அம்மாவின் தலைக்குக் கீழே வைத்து அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மூன்றாம் நாள் போலீஸ் கூப்பிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒஸ்லோவில் மொழிபெயர்ப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். போலீஸ் நிலையத்தில் பக்கத்தில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்க்க வேண்டி வரும். இவன் என்னத்துக்குப் போலீசுக்குப் போனவன் என்று கதை வரும். இதை வாசிக்கிற உங்களில் பலரும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

பெடியன்களின் படங்களைக் காட்டினார்கள். ஐந்தாவது படத்தில் என் கண் நின்றது. இந்த முகத்தை எனக்குத் தெரியுமே என்று மனம் சொன்னது. இவனா என்றார்கள். தலையாட்டினேன். நிச்சயமா என்றார்கள். தலையாட்டினேன். எழுதி வாசித்தார்கள். பாதி விளங்கவில்லை. அதற்கும் தலையாட்டிக் கையெழுத்து வைத்தேன். சீருடைக்காரர் கேட்டால் ஓம் என்றுவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது ஊரில் எனக்குப் பழகிய பழக்கம்.

கடைக்குத் திரும்பியதும் தேவா அண்ணை கேட்டார்.

"என்னடா, பிடிச்சுக் குடுத்திட்டியோ?"

"ஒரு படத்தைக் காட்டினனான் அண்ணை."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனி? எனக்கெண்டால் காப்பிலியளெல்லாம் ஒரே முகம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் எங்கள் வாயில் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை இன்று உங்கள் முன் பாவமாக அறிக்கையிடுகிறேன்.

டிசம்பரில், திருவருகைக்கால ஞாயிறு ஒன்றில் தமிழ்ப் பூசைக்குப் போனேன். நகரத்தில் நாங்கள் பூசை வைக்கும் அதே கோயிலில்தான் எங்களுக்குப் பிறகு எரித்திரிய மக்களும் பூசை வைப்பார்கள். எங்கள் பூசை முடிந்தால் அவர்களுடைய பெடியன் ஒருவன் வந்து மண்டபத்துக் கதிரைகளைத் தூக்கி அடுக்குவான். ஒரே தரத்தில் ஆறு கதிரை தூக்குவான். என்னைக் கண்டால் "ஹாய்" என்பான். அன்று கதிரைகள் போட்டபடியே கிடந்தன.

தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற மேரி அக்காவிடம் கேட்டேன்.

"கதிரை தூக்கிற பெடியன் எங்கை அக்கா?"

"உமக்குத் தெரியாதே? யோனாசைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்குது. புருசெத்தில ஒரு மனிசியைத் தள்ளி விழுத்தினவனாம். ஆரோ கண்ட சாட்சி இருக்காம். அந்தா, தாய்."

எங்கள் மடு மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் ஒரு பெண் முழங்காலில் இருந்தார். மேரி அக்கா தேநீரை நீட்டினார். என்னால் வாங்க முடியவில்லை. ஐந்தாவது படம் அந்தப் பிள்ளைதான். அந்த முகத்தை எனக்குத் தெரிந்தது கோயிலில். ஒழுங்கையில் அல்ல.

மிச்சத்தையும் அக்காவே சொன்னார். அந்த வருடம் மட்டும் அவனைத் தெருவில் நாலு தரம் மறித்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு தரமும் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் படம் அவர்களிடம் இருந்தது. அந்த நேரம் வீட்டில் தங்கைக்குச் சமைத்துக்கொண்டிருந்ததாக அவன் சொன்னதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் கறுப்புக் குளிர்ச்சட்டை எடுத்தார்களாம். கறுப்புக் குளிர்ச்சட்டை இல்லாத வீடு ஒஸ்லோவில் எங்கே இருக்கிறது? பதினெட்டு வயது முடிந்து மூன்று வாரம்தான். அதனால் பெரியவர்களோடு அடைத்தார்கள். அவனோடு திரிந்த குற்றத்துக்காகப் பதினாறு வயதுச் சிநேகிதன் மேலும் வழக்கு.

எனக்குப் பத்தொன்பது வயதில், சண்டைக் காலத்தில், எங்கள் ஊரைச் சுற்றி வளைத்த ஆமி எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தியது. சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தலையாட்டி என்போம். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ட்ரக்கில் ஏற்றுவார்கள். என் முன்னால் நின்றான். ஆண்டவரே, நான் வேண்டாம் என்று செபித்தேன். அவன் என்னைக் கடந்து, பக்கத்தில் இருந்த அருளுக்குத் தலையாட்டினான். அருளை அதற்குப் பிறகு எவரும் காணவில்லை.

இத்தனை வருடம் அந்தச் சாக்குக்காரனைச் சபித்தவன் நான். இப்போது நானே சாக்கைப் போட்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். இலக்கத் துண்டு எடுத்தேன். சீருடை போட்ட பெண் என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது எழும்பி வெளியே வந்துவிட்டேன். நான் இன்னும் பிரஜாவுரிமை எடுக்காதவன். பொய் சொன்னவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். நத்தார்ப் பெருநாள் போனது. கடிதம் வந்தது. நான் போகாவிட்டால் நான் கையெழுத்து வைத்த கடதாசி எனக்குப் பதிலாகப் பேசும் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பையைத் தூக்கினேன்.

மெட்ரோவுக்குள் இருந்து செபித்தேன். "ஆண்டவரே, நான் இல்லாமல் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்." இப்படித்தான் செபித்தேன். மறைக்கவில்லை.

ஒரு ஊரை விட்டுப் போகும்போது அந்த ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போவது என் வழக்கம். எந்த நாடானாலும் அதை விட்டதில்லை. பேருந்துக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. கோயிலுக்குப் போனேன். உள்ளே ஒரே ஒரு ஆள். யோனாசின் தாய் செலாம். மாதாவின் முன் இரண்டு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருடைய நோர்வேஜிய மொழியும் அரைகுறை. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கட ஆக்களின்ர மாதா," என்று சிரித்தார். "நான் பின்னேரங்களில வந்து அவவைப் பிடிச்சு மன்றாடுறன். கோவமோ?"

"இல்லை. ஆருக்கு இரண்டு மெழுகுதிரி?"

"ஒண்டு மகனுக்கு. மற்றது அந்தச் சாட்சிக்கு."

"எந்தச் சாட்சி?"

"என்ர பிள்ளையைக் காட்டின ஆள். பேரை எனக்குச் சொல்லேல்லை. நாளைக்கு அவர் வரவேணும். வந்து பிள்ளையை நேரில பாக்கவேணும். பாத்தால் அவருக்குத் தெரிஞ்சிடும். ஒவ்வொரு நாளும் இதைத்தான் கேக்கிறன்."

நான் பைக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்துவிட்டேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. திட்டவில்லை. கையில் எரிந்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைப் பார்த்தார்.

"எங்கை போறாய்?"

"சுவீடனுக்கு."

பையைத் தூக்கித் தன் தோளில் போட்டார்.

"நாளைக்கு அங்கை வா. அங்கை தாறன்."

"அதுக்குள்ளதான் என்ர பாஸ்போட் எல்லாம்."

"நல்லது," என்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்று ஒரு நண்பரின் வீட்டு வாங்கில் படுத்தேன். பல வருடத்துக்குப் பிறகு பை இல்லாமல் நித்திரை கொண்டேன்.

காலையில் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வந்து நின்றவர் எங்கள் பாடகர் குழுவில் பாடும் வசந்தி அக்கா. நான் பயந்தது அப்படியே வந்தது. யோனாஸ் மெலிந்திருந்தான். என்னை நேராகப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

அரச வழக்கறிஞர் கேட்டார். நான் சொன்னேன்.

"ஐயா, நான் முகத்தைக் காணேல்லை. கறுப்பைத்தான் கண்டனான்."

வசந்தி அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். அப்படியென்றால் ஏன் இந்தப் படத்தைக் காட்டினாய் என்றார்கள். கோயிலில் கதிரை தூக்கும் பிள்ளை, தெரிந்த முகம், அதை நான் குழப்பிவிட்டேன் என்றேன். மைதானத்தையும் சாக்கையும் அருளையும் சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவரின் தாயோடு பேசினாயா என்று அரச வழக்கறிஞர் கேட்டார்.

"ஓம். என்ர பை இப்பவும் அவவிட்டைத்தான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் படத்தை எப்படிக் காட்டினார்கள், என்ன கேட்டார்கள் என்று அரை மணித்தியாலம் என்னையே கேட்டார். ஏன் முன்பே வரவில்லை என்றும் கேட்டார். பயம் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு அரச வழக்கறிஞர் எழுந்து, இந்தச் சாட்சி இல்லாமல் வேறு எதுவும் இல்லை, இரண்டு பேரையும் விடுவிக்கும்படி தானே கேட்பதாகச் சொன்னார். அன்று பின்னேரமே யோனாஸ் வெளியே வந்தான்.

என்னை எவரும் நாடு கடத்தவில்லை. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையின் இரண்டு மாதம் போய்விட்டது. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பறித்தவர்கள் அகப்படவில்லை, அந்த அம்மா இன்றும் தடியோடு நடக்கிறார். யோனாசைத் தெருவில் மறிப்பதும் நிற்கவில்லை. அவன் அன்று என்னோடு பேசவில்லை. அது அவனுடைய உரிமை. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, கதிரைகளோடு என்னைக் கடந்தபோது "ஹாய்" என்றான். அதற்கு நான் எத்தனை நாள் நன்றி சொன்னேன் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

இப்போது விளங்காத எதற்கும் தலையாட்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறேன். அந்தச் சொல்லை என் முன்னால் எவராவது சொன்னால், தேவா அண்ணையானாலும், நிறுத்தச் சொல்கிறேன். மோர்டென்ஸ்ருட் அறைச் சாவி திரும்ப என்னிடம் இருக்கிறது.

நான் இல்லாமல் காப்பாற்றும் என்ற என் செபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. அந்தத் தாயின் செபத்தைக் கேட்டார். அதற்கு மறுமொழியாக என்னை அனுப்பினார். நீங்களும் எதையாவது மறைத்துக்கொண்டு பையைக் கட்டிக்கொண்டிருந்தால், போகிற வழியில் ஒரு தரம் கோயிலுக்குள் போங்கள். நம்பிப் போங்கள். உங்களுக்காகவும் யாரோ பெயர் தெரியாமல் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள்.

வழக்கு முடிந்த அன்று நீதிமன்ற வாசலில் செலாம் என் பையைத் தந்தார். தந்துவிட்டுப் பிடியை விடவில்லை.

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு எனக்குப் பள்ளிக்கூடம் துடைக்கிற வேலை. மகன் எழும்பேக்க நான் வீட்டை நிக்கவேணும். எனக்குப் பதிலா நீ போ."

"எனக்கு அந்த வேலை தெரியாது."

"முப்பது வருசம் கழுவினனான் எண்டு நேற்றுச் சொன்னனி."

அந்த இடத்திலேயே மேற்பார்வையாளருக்குப் போன் அடித்து என் பெயரைச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அங்கே நின்றேன். வகுப்பறையில் கதிரைகளை மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நிலத்தைத் துடைத்தேன். பிறகு கதிரைகளை இறக்கினேன். யோனாசைப் போல ஆறைச் சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு இரண்டாக, பிள்ளைகள் வருவதற்கு முன், எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன்.