அடக்கிய இருமல்

என் அப்பா பாலுசாமிக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். கணபதி ஏரியாவில் ஒற்றை ஷட்டர் கடை. ஆனால் சொந்தக்காரர்களைக் கேட்டால், கல்யாண மண்டபத்து வாசலில் நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று கூப்பிடுபவர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில், வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சு நின்றுபோகும். அப்பா யாரையும் வாங்க கேட்காமல் விட்டதில்லை.

போன ஆவணியில் அவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை நடந்தது. குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்கள். அப்போது சுருக்கி வைத்த வலது நுரையீரல் மறுபடி நன்றாக விரிய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபிஸ்ட் மௌனிகா, மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உறிஞ்சிப் பழகச் சொன்னார்.

"தலையணையை நெஞ்சோட அணைச்சுட்டு நல்லா இருமோணுங்க. வலிக்கும். ஆனா சளி உள்ளயே நின்னுட்டா நிமோனியாதான்."

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஆங்கில அறிவுரைத் தாளை வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பயிற்சிக்கு நேரம் குறித்துச் சுவரில் ஒட்டினேன். பார்க்க வருபவர்களைத் தவிர்க்கவும் என்ற வரியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பா கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றார். ஒரு "வாங்க" சொல்ல இரண்டு மூச்சு பிடித்தது. இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்து அடக்கினார்.

"வந்தவங்க முன்னால காறித் துப்பறதா, கண்ணு? அவங்க போகட்டும், துப்பிக்கறேன்."

ஒருவர் கிளம்புவதற்குள் அடுத்தவர் வந்தார்.

"என்னங்ண்ணா, மண்டபத்துல நிக்கறாப்பலயே நிக்கறீங்க. பன்னீர்ச் சொம்புதான் கையில இல்லை" என்றார் கதிர்வேல் சித்தப்பா. அப்பா சிரித்தார். சிரித்ததும் தையல் வலித்தது. நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வலது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி அடைத்திருந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஆறு நாள் ஐ.சி.யூ. "வீட்டில் நன்றாக இருமினாரா?" என்று டாக்டர் கேட்டார். "இருமினாருங்க சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஆனைமலையிலிருந்து பஸ் மாறி மாறி ராசாத்தாள் அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. நான் கேட்டை மறித்து நின்றேன்.

"அத்தை, உள்ள வராதீங்க. ஆள் இருந்தா அப்பா இருமவே மாட்டேங்கறாரு. இருமலைன்னா மறுபடி ஆஸ்பத்திரிதானுங்க."

"காலேஜ் படிச்சதும் அத்தை வேண்டாதவளாயிட்டனா, அம்மணி?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "வா... வாங்கக்கா."

அத்தை என்னை விலக்கிவிட்டு உள்ளே போனார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நான் டிவி பாக்கறேன். நீ இருமு."

டிவி ஓடவில்லை.

"அக்கா..."

"கம்முனு இருமுடா. உனக்கு மூக்குச் சிந்தி உட்டவளே நான்தான்."

தலையணையையும் துப்புவதற்கு ஒரு கப்பையும் கொடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையணையை இறுக்கிக்கொண்டு இருமினார். முதலில் சின்னச் சத்தம்தான். அடுத்ததில் உடம்பே குலுங்கியது, மஞ்சளாகச் சளி வந்தது. கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். கழுத்தெல்லாம் வேர்வை.

"இன்னொருக்கா" என்றார் அத்தை, திரும்பாமல்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் போனேன். வந்தவரிடம், இப்ப அப்பாவைப் பாக்க முடியாதுங்க என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. சாத்துக்குடிப் பையை என் கையில் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார்.