வட்டிலப்பம் மணந்த நோன்பு

நோன்பு வைத்திருக்கும்போது என் மூக்கை யாராலும் ஏமாற்ற முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் வைத்த முதல் நோன்பிலேயே அது தெரிந்துபோயிற்று. அன்று காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் யாரோ எனக்குத் தெரியாமல் வட்டிலப்பம் செய்துகொண்டிருந்தார்கள். என் மூக்கு அப்படித்தான் சொன்னது.

முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பத்தை எங்கள் வீட்டில் பெருநாளைக்குத்தான் செய்வார்கள். ஆனால் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டபோதே சீனி கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும்தான் இருந்தன. நோன்பை முழுசாகப் பிடித்துவிட்டால் சாயங்காலம் கழுத்தில் மாலை போட்டுப் புதுக் கவுன் தருவதாக உம்மா சொல்லியிருந்தாள். அதோடு வட்டிலப்பமும் உண்டு, எனக்குச் சொல்லாமல் ஒளித்துச் செய்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் வாசனை மாறியது. கருகல் அடங்கிப் பால் வாடை தூக்கலாக வந்தது. சரிதான், தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டார்கள். அதற்குமேல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், பரண்மேல் என்று ஓரிடம் விடாமல் தேடினேன். வாசனை ஒருசமயம் முற்றத்தில் இருந்தது. நான் முற்றத்துக்குப் போனால் அது மாடிப்படிக்குப் போய்விட்டது. பசி காதை அடைக்கிற நேரத்தில் ஒரு சட்டிக்குக் கால் முளைத்து வீடு முழுக்க நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

கால் முளைத்தது சட்டிக்கு இல்லை, சாச்சிக்கு. உம்மாவின் தங்கையைத்தான் நான் சாச்சி என்பேன். போன வருஷம் கல்யாணம் ஆகியிருந்தது. சாச்சப்பா ஒன்றரை மாதம் கூட இருந்துவிட்டுத் துபாய்க்குத் திரும்பிவிட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். அதனால் அன்று திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, வேன் பிடித்து, எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறார். மதியம் லுஹர் தொழுகைக்குள் வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். சாச்சி மொட்டைமாடிக்கு ஏறித் தெருவைப் பார்ப்பாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். வாசனையைத் துரத்திக்கொண்டு நானும் ஏறினேன். படித் திருப்பத்தில் இருவரும் மோதிக்கொண்டோம். என் மூக்கு அவள் தோளில் புதைந்தது.

"சாச்சி, நீங்கதான் வட்டிலப்பமா?" என்றேன்.

அவள் என் வாயைப் பொத்தி அறைக்குள் இழுத்துப் போனாள். பீரோவிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டியை எடுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்குச் சாச்சப்பா கொடுத்த சென்ட். தலைகீழாகக் கவிழ்த்தாலும் இனி ஒன்றும் வராது.

"கடைசியா இருந்ததை விடியக்காலப் பாங்குக்கு முந்தியே அடிச்சிட்டேன் புள்ள. நோன்பு பிடிச்சிக்கிட்டு மணம் பூசக் கூடாதுன்னு ஒங்க உம்மா வைவா. இப்ப எனக்கு ஒண்ணுமே மணக்கல. நீ பாத்துச் சொல்லு, இருக்கா போயிட்டா?"

பூசியவருக்குத் தன் மணம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வட்டிலப்பம் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பெரிய மனுஷி என் மூக்கை நம்பிக் கேட்கிறாள். இருக்கிறது என்றேன்.

லுஹர் ஆயிற்று. வேன் சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் டயர் வெடித்து நிற்கிறது, மாற்று டயரும் இல்லை என்று போன் வந்தது. சாச்சி அரைமணிக்கு ஒருதரம் என் மூக்கிடம் கழுத்தை நீட்டினாள். ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு செய்யச் செய்யக் கையில் இருந்தது கழுவிப் போயிற்று. கழுத்தில் மட்டும் கொஞ்சம் பால், பிறகு ஏலக்காய்த் தூள் மாதிரி ஏதோ, அதற்கும் பிறகு மரம். நோன்புக் கஞ்சியின் வெங்காய வாடை ஏறிவிடும் என்று அடுப்படிப் பக்கமே அவள் வரவில்லை. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கும்பி கூழுக்கு அழுதுச்சாம், கொண்டை பூவுக்கு அழுதுச்சாம். ரெண்டு பேரும் ஒரே படியில ஏறி எறங்குதிய. ஒருத்தியாவது வந்து கஞ்சியக் கிண்டுங்களேன்."

நோன்பு திறக்கும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் சாச்சி கடைசியாக ஒருதரம் குனிந்தாள். நான் முகர்ந்தேன். காலிப் பெட்டிக்குள் தலையை விட்டால் வரும் பலகை வாடைகூட இல்லை. பசியில் எனக்கு நயமாகப் பேச வரவில்லை.

"போச்சு," என்றேன்.

அவள் நேரே அடுப்படிக்குப் போய் உம்மா கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கஞ்சியைக் கிண்டத் தொடங்கினாள். அதுவரை நிலைகொள்ளாமல் திரிந்தவள் அப்படி அசையாமல் நின்றது எனக்குப் பயமாக இருந்தது. பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். மாலை விழுந்தது, கவுன் வந்தது. ஆனால் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணால்தான் பார்த்தார்கள். மறுகண் வாசலில் இருந்தது.

கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. சட்டையெல்லாம் புழுதியும் வியர்வையுமாக, பெட்டிகளோடு சாச்சப்பா நுழைந்தார். உம்மாவுக்கு ஸலாம் சொன்னார். பயணத்திலும் நோன்பை விடவில்லையாம், வழியில் தண்ணீர் குடித்துத் திறந்தாராம். சாச்சி தூணுக்குப் பின்னால் நின்றாள், கிட்டே வரவில்லை. அவர்தான் அவள் பக்கமாகப் பைய நடந்தார். ஓரடி தள்ளி நின்று மூச்சை இழுத்தார்.

"என்ன, வீடெல்லாம் வட்டிலப்பம் மணக்குது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இல்ல சாச்சப்பா, அது போயிட்டு. நான்தான் மோந்து பாத்தேன். இப்ப சாச்சிமேல கஞ்சி வாடைதான்."

உம்மா என் வாயைப் பொத்தினாள். அன்றைக்கு என் வாய்க்கு அது இரண்டாவது தடவை. சாச்சி சிரிக்கத் தொடங்கினாள். பிறகு முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"எனக்கு மணக்குதே," என்றார் அவர், என்னிடம் இல்லை.

தூக்கம் வரும்வரை உம்மாவோடு வாதாடினேன். அவருக்கு மூக்கடைப்பு, தைலம் தேய்த்துவிடுங்கள் என்றேன். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த என் மூக்கா பொய் சொல்லும்? அவரும் அன்று நோன்பு என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எத்தனை மாதம் பசித்திருந்தார் என்பதுதான் தெரியவில்லை.