ஹத்து குடித்த தண்ணீர்

ஒரு தடவை, வயிற்றுப்போக்கு கண்ட வெள்ளைக்கார மனிதர் ஒருவர் கோவேறு கழுதையின் மேல் உட்கார்ந்தபடியே உடையில் போய்விட்டார். கூட வந்த நாலு பேரும் மலை வளைவுக்குப் பின்னால் பேசிச் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது. அவர் முகம் வெளிறிப்போயிற்று.  ஹத்து சேணத்தில் தொங்கிய தேநீர்க் கெண்டியை எடுத்து, காலையில் மிஞ்சி ஆறிப்போயிருந்த தேநீர் முழுவதையும் அவர் மடியிலும் சேணத் துணியிலும் கவிழ்த்தார். "ஐயோ, என் கை விளங்காமப் போக" என்று அந்த நாலு பேருக்கும் கேட்கும்படி தன்னையே திட்டிக்கொண்டார். அவர்கள் வந்து ஹத்துவைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தத் துணியை ஓடையில் ஹத்துவே அலசினார். பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும். என்னிடம்கூட அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஸக்ரோ மலையில் அவர் வழிகாட்டி. நான் கழுதைக்காரன், சமையலும் நான்தான். பதினெட்டு வருடம் சேர்ந்து நடந்தோம். படிப்பில் என்னைவிட அவர் ஒரு வகுப்பு கூடுதல். நான் நாலாவது, அவர் ஐந்தாவது. ஆனால் வருகிறவர்கள் உடம்பு கெடாமல் திரும்பிப் போக வேண்டும் என்ற விஷயத்தில் எந்த டாக்டரும் அவர் அளவுக்குத் தொல்லை கொடுத்திருக்க மாட்டார்.

காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "மதாம், இன்னைக்கு என்ன கலர்ல போச்சு?" என்பதுதான். சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மஞ்சள் கூடினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஊரில் இதைக் கேள்விப்பட்டு அவருக்கு மூத்திர டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தொடாதீர்கள், தலையைத் துணியால் மூடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். தலையாட்டுவார்கள். அரை மணி நேரத்தில் வெறுந்தலையோடு பாறை மேல் படுத்து வெயில் காய்வார்கள்.

எங்கள் சனமும் லேசுப்பட்டதில்லை. எந்தக் கூடாரத்தைத் தாண்டினாலும் ஒரு சட்டி மோரோடு ஓடி வருவார்கள். வேண்டாம் என்றால் அவமானம். குடித்தால் பழகாத வயிறு இரண்டு நாள் எழுந்திருக்காது. அதனால் ஹத்து முந்திக்கொண்டு சட்டியை வாங்கித் தானே மடமடவென்று குடித்து முடித்துவிடுவார். "வந்த விருந்தாளி வாயிலேருந்து பிடுங்கிக் குடிக்கிறான் பாரு, பெருந்தீனிக்காரன்" என்று பெண்கள் திட்டுவார்கள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்பார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது அந்த மே மாதக் கடைசியில், நோன்பு நாளில் வந்தது.

ஒதீல் என்று ஓர் அம்மாள். அறுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்ற டீச்சர், தனியாக வந்தார். மூன்று நாள் நடை. நோன்பு காலத்தில் வேண்டாம், வெயிலும் அதிகம் என்று ஹத்து சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நல்ல மனுஷி, அதில் குறையே சொல்ல முடியாது. அந்த நல்ல குணம்தான் வினையாகப் போயிற்று. நாங்கள் இருவரும் நோன்போடு நடக்கிறோம் என்று தெரிந்ததும், எங்கள் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

முதல் நாள் மாலை அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "மாஷா அல்லா. நம்ம ஆளுங்ககிட்டகூட இப்படி ஒரு மரியாதையைப் பாத்ததில்ல. அல்லா உங்களுக்கு இதுக்குக் கூலி கொடுப்பான் மதாம்" என்றேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி இதைச் சொல்லி முடித்தேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

ஹத்து என்னைத் தனியாக இழுத்துப் போனார். "டேய் ஸைத், உனக்கு மூளை இருக்கா? அந்தம்மாவே சும்மா இருந்தாலும் நீ விடமாட்ட போலிருக்கே. உன் பாராட்டே அவங்களைக் கொன்னுடும்டா."

"நல்ல வார்த்தைதானே அண்ணே சொன்னேன்."

"நல்ல வார்த்தையை ஊர்ல போய்ச் சொல்லு. இங்க தண்ணியைக் குடிக்கச் சொல்லு."

மறுநாள் விடிந்ததிலிருந்து ஹத்து கெஞ்சிக்கொண்டே நடந்தார். 

"மதாம், கலர்?"

"தேன் மாதிரி இருந்துச்சு. பரவாயில்ல, எனக்குத் தாகமே எடுக்கல."

"தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. குடிங்க."

"ஹத்து, நீங்க ரெண்டு பேரும் நாக்கு வறண்டு நடக்கிறீங்க. உங்க கண்ணு முன்னாடி நான் குடிக்கிறதா? எங்க அம்மா என்னை அப்படி வளர்க்கல."

"நாங்க பிறந்ததிலேருந்து இந்த வெயில்ல கிடக்கிறவங்க. எங்க நோன்பு எங்க பாடு. நீங்க குடிச்சா எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. அதுதான் உங்க பெரிய மனசு."

ஹத்து பல்லைக் கடித்தார். நாங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் போய் நிற்கிறோம், நீங்கள் குடியுங்கள் என்றார். நின்றோம். திரும்பி வந்து பார்த்தால் பாட்டில் அளவு இம்மியும் குறையவில்லை. குடித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் சிரித்தார். பொய்யைக்கூட எங்களுக்காகச் சொல்கிறார். அவரை என்ன செய்ய?

பகல் பன்னிரண்டு மணிக்குக் கணவாயை நெருங்கியபோது அந்த அம்மாள் கால் இடறினார். எழுந்தார், மறுபடி இடறினார். காரணமில்லாமல் சிரித்தார். ஹத்து அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வியர்வை நின்றுபோய், தோல் அடுப்புக் கல்லாய்க் காய்ந்து கிடந்தது. இதற்கு அடுத்தது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அங்கிருந்து முன்பு ஒரு பிணத்தை இறக்கியிருக்கிறோம்.

ஒரே ஒரு பாறையின் நிழல். அதில் உட்கார வைத்தோம். என் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். ஹத்து பாட்டிலை நீட்டினார். அந்த நிலையிலும் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "நீங்க குடிக்கல... நீங்க குடிக்கல..." என்று முனகினார்.

எதிர்ச் சரிவில் ஆடுகளோடு பாஸு நின்றான். எங்கள் ஊர்க்காரன். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஹத்து பாட்டிலைத் திறப்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, பாஸு பாக்கிறான்."

"எனக்கும் கண்ணு இருக்கு."

பிஸ்மில்லா சொன்னார். அந்த அம்மாளுக்கு நேர் எதிரே மண்டியிட்டு, பாட்டிலை உயர்த்தி, தொண்டை ஏறி இறங்குவது தெரியும்படி குடித்தார். தாடியில் வழிய விட்டுக் குடித்தார். "இப்ப நீங்க, மதாம்" என்று நீட்டினார். அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கிக் குடித்தார். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். என்னிடமும் பாட்டில் வந்தது. நான் வாங்கவில்லை.

வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தோம். தெளிந்ததும் அந்த அம்மாள் ஹத்துவின் கையைத் தட்டிக்கொடுத்து, "பாவம் ஹத்து, கடைசியில உங்களாலயும் தாங்க முடியல இல்ல?" என்றார்.

"ஆமா மதாம், முடியல" என்றார் ஹத்து.

 நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஹத்து கழுதையைக் கொண்டு வா என்றார். அந்த அம்மாளை இறக்கி, வண்டி பிடித்து நகரத்து டாக்டரிடம் காட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் திரும்புவதற்குள் பாஸுவின் கதை ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. பட்டப்பகலில், ஒரு வெள்ளைக்காரியோடு ஒரே பாட்டிலில், சிரித்துக்கொண்டு குடித்தான் என்று. இமாமிடம் நானே போய்க் கேட்டேன். பயணிக்குச் சலுகை உண்டு, ஓர் உயிருக்காக என்றால் கேட்கவே வேண்டாம், விட்ட நோன்பைப் பிறகு வைத்தால் போதும் என்றார். பள்ளிவாசலிலும் அதைச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வாசலைத் தாண்டியதும் பழைய பேச்சுதான்.

"வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மலைக்குப் போறதுக்குப் பேரு பயணமா?"

"அவ குடிக்கணும்னா அவ குடிக்கட்டும். இவன் ஏன் குடிக்கணும்?"

கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஸைத், நீ கூடத்தானே இருந்த. சொல்லு, என்ன நடந்துச்சு?"

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தொடங்கினால், அந்த அம்மாளுக்கு அந்தக் கிறுக்கை ஏற்றிவிட்டவன் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும். "நான் கழுதையோட பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன்" என்றேன். நோன்பு வாயோடு சொன்னேன். அல்லா என்னை மன்னிக்கட்டும்.

நோன்புப் பெருநாளன்று ஹத்து வழக்கம்போல் வாசலில் பாய் விரித்து, வருகிறவர்களுக்காகத் தட்டில் பதினாறு கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் போனபோது பதினாறும் காய்ந்தே இருந்தன. எனக்கு ஊற்றினார். கடையில் நான் சொன்னது அவர் காதுக்கு வந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களிடம் பயணிகளை அனுப்பிவந்த விடுதிக்காரர் அதற்குப் பிறகு வேறு ஆளை வழிகாட்டியாக அனுப்பினார். ஹத்துவுக்கு அந்த வருடம் மூன்றே நடைகள்தான் கிடைத்தன. விட்ட ஒரு நோன்பை அவர் குளிர்காலத்தில் வைத்தார். அதைப் பார்க்க எந்த மலையிலும் எந்தப் பாஸுவும் நிற்கவில்லை. அடுத்த நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு, அகாதிர் நகரத்தில் இருக்கும் மகனோடு தங்கப் போகிறேன் என்று கிளம்பினார். அவர் பையை நான் வண்டிக்கூரையில் ஏற்றிக் கட்டினேன். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அண்ணே, அன்னைக்குக் கடையில நான்..."

"தெரியும்டா. விடு" என்றார். வண்டி உறுமியது. சன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷமும் நோன்பு வெயில்லதான் வருது. வர்றவங்க குடிக்கலன்னா, நீ முன்னாடி குடி. யாராவது கேட்டா, ஹத்துதான் என்னைக் கெடுத்தான்னு சொல்லிடு. என் பேரு ஏற்கெனவே கெட்டதுதான், இன்னொரு தடவை கெடாது."