பந்தலுக்கு முட்டுக் கொடுத்த ஷாப்ட்

பழைய கியர் ஆயில் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அழுகிய முட்டையும் தீய்ந்த பூண்டும் சேர்ந்த நாற்றம் அது. எங்கள் வீட்டில் குளியலறைத் துண்டு வரைக்கும் வந்துவிட்டது. நான் லாண்டரிக் கடைக்காரன். ஊரார் துணியில் கறை எடுத்துப் பிழைக்கிறவன், பெண்டாட்டியின் துணிக்கு முன்னால் மட்டும் கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டேன்.

அவள் நர்ஸ். மலைமேல் இருக்கிற வீடுகளுக்குப் போய்க் கட்டுப் போடுவதும், ஊசி போடுவதும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவதும் வேலை. பாதி வழியிலேயே தார் தீர்ந்துபோகும், அதற்கு மேல் சேறும் கல்லும்தான். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய நீளக் கார் ஒன்றை வைத்திருக்கிறாள். பின்கதவைத் தூக்கி இருக்கையை மடித்தால் ஓர் ஆளைப் படுக்கவைக்கலாம். அந்தச் சனியனுக்கு அவள் செய்கிற பணிவிடையை எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் பத்து வருஷம் கூட வாழ்வேன்.

விடுமுறை நாளில் மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுப்பார்கள். இவள் வண்டிக்கு அடியில் படுப்பாள். பின் அச்சுக்கு ஆயில் ஊற்றுகிற ஓட்டை எசகுபிசகான இடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வாய்வழி உணவு இறங்காதவர்களுக்குக் கஞ்சி ஏற்றுவார்களே, அந்தப் பெரிய ஊசிக்குழாயில்தான் ஆயிலை உறிஞ்சி ஏற்றுவாள். அறுந்த ஒயருக்குப் பிளாஸ்திரி. டயர் மாற்றினால் நாலையும் ஒன்றாகத்தான் மாற்றுவாள். "ரெண்டு போதும்மா, முன்னாடி மட்டும் போடுங்க" என்ற டயர் கடைக்காரரை, "ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டு மலையேறுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தவள். ஊசிக்குழாயைக் கழுவுவது மட்டும் என் சமையலறைத் தொட்டியில். சொல்லும்போதே குமட்டுகிறது.

இந்த மழைக்காலத்தில் வண்டி கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. பின்சக்கரத்துக்குப் போகிற நீள ஷாப்ட்டின் முனையில் கிராஸ் என்று ஒரு சிலுவைத் துண்டு இருக்கிறதாம், அது தேய்ந்துவிட்டதாம். புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அப்போது பார்த்து என் அண்ணன் வந்தார்.

அண்ணன் கார் மெக்கானிக். கூடப் பிறந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. பல் குத்திய குச்சியாலேயே கார்புரேட்டரைக் குத்திச் சுத்தம் செய்கிறவர். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ எதுக்கும்மா சேத்துல படுக்கறே? எனக்குத்தான் அசிங்கம்" என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். கிராஸ் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். நாலு நாளில் கொண்டுவந்து விட்டார். "இப்ப ஓட்டிப் பாரு, பூனை மாதிரி போகும்."

உண்மையிலேயே பூனை மாதிரிதான் போனது. மறுநாள் விடியற்காலை அவள் மலையேறினாள். மேலே ஒரு கிழவர், சர்க்கரை வியாதிக்காரர். காலில் புண் சீழ்பிடித்துக் கணுக்கால் வரை ஏறிவிட்டது. அன்றைக்கே கீழே கொண்டுவந்தால் காலைக் காப்பாற்றலாம், தள்ளிப்போனால் முழங்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரைக் கொண்டுவரத்தான் போனாள்.

பத்து மணிக்கெல்லாம் தனியாகத் திரும்பிவந்து என் கடை வாசலில் நின்றாள். தலை முதல் கால் வரை சேறு.

"என்னாச்சு?"

"ஏத்தத்துல முன்சக்கரம் சும்மா சுத்துது, பின்சக்கரம் அசையவே இல்லை. வண்டி பின்னாடி வழுக்குது, ஒரு பக்கம் பள்ளம். எப்படியோ நிறுத்திட்டு இறங்கி அடியில பார்த்தா, ஷாப்ட்டே இல்லைங்க."

"இல்லைன்னா?"

"கழட்டி எடுத்துட்டார் உங்க அண்ணன். சத்தம் நின்னுடுச்சில்ல?"

எனக்கு வாயில் எச்சில் கசந்தது. பல்வலி என்று வந்தவனுக்குத் தாடையைக் கழற்றி அனுப்புகிற வைத்தியம். அதையும் சொல்லாமல் செய்திருக்கிறார். கடையைப் பாதியில் போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.

அண்ணன் பட்டறை வாசலில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் நடுவில் தொந்தி போட்டிருந்தது.

"வாம்மா. சத்தம் போச்சா?"

"ஷாப்ட் எங்க மாமா?"

"அது எதுக்கு உனக்கு? முன்னாடி ரெண்டு இழுத்தா பத்தாதா? பெட்ரோலும் மிச்சம். ஊசி போடற பொண்ணுக்கு இந்த விவரமெல்லாம் புரியாதுன்னுதான் நான் சொல்லலை." சிரித்தார். பல்லிடுக்கில் பிஸ்கட். அந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும் சகித்திருக்கிறேன். அன்றைக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அண்ணனின் தலைக்கு மேலே பார்த்தாள். பந்தலின் முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது அவளுடைய ஷாப்ட். நாலு நாளில் துருகூடப் பிடித்திருந்தது.

"மாமா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?"

"எதுக்கு?"

ஒருதரம்தான் கேட்டாள். இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். அத்தனை தண்ணீரும் அண்ணன் தலையில், டீயில், பிஸ்கட் தட்டில். அவள் சிரிக்கக்கூட இல்லை. "போல்ட்டும் கிராஸும் குடுங்க" என்றாள். போல்ட்டுகள் பெயிண்ட் டப்பாவில் ஆணியோடு கிடந்தன. கிராஸை வேறொரு வண்டிக்குப் போட்டுவிட்டாராம். என் அண்ணன்!

ஷாப்ட் முனையில் இருந்த பழைய கிராஸுக்கே கிரீஸ் திணித்தாள். "பொறுமையா ஓட்டினா ஒரு நடை தாங்கும். நீங்க உள்ள வந்து இந்த முனையைத் தாங்கிப் பிடிங்க."

"நானா?"

"வேற யாரு? உங்க அண்ணனையா கூப்பிடறது?"

வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். முதுகுக்குக் கீழே சேறு, கைக்கு எட்டின இடமெல்லாம் பிசுக்கு. "வாயை மூடிக்கங்க, சொட்டும்" என்றாள். நான் மூடுவதற்குள் சொட்டிவிட்டது.

துப்பிக்கொண்டே அவளோடு நானும் மலையேறினேன். அவள் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கியது. நான் கண்ணை மூடினேன். அடியில் 'டக்' என்றது. பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவது போல வண்டி ஊர்ந்து மேலேறியது.

கிழவரைத் தூக்கிவந்து பின்னால் கிடத்தினோம். கட்டுத்துணியையும் மீறி வந்த நாற்றத்துக்கு முன்னால் கியர் ஆயில் ஒன்றுமே இல்லை.

"நீங்க பின்னாடி உட்காருங்க. அவர் காலை மடியில வைச்சுக்கங்க. குலுங்கக் கூடாது" என்றாள் என் மனைவி.

வைத்துக்கொண்டேன். சீழ் கசிந்து வேட்டியில் இறங்கியது. எந்தச் சோடாவுக்கும் போகாத கறை, எனக்குத் தெரியும். வழியெல்லாம் அடியில் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டே வந்தது. இறக்கத்தில் சற்றுநேரம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஷாப்ட் கழன்று விழுந்துவிட்டதோ என்று குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன். அடுத்த வளைவில் அவள் கியர் மாற்றினாள், மறுபடியும் 'டக்' என்றது. கிழவரின் காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.