பலாப்பழத்துக்காகப் போட்ட கம்பித் தடுப்பு

போன வாரம் பிரேக் போட்டதில், ஜீப்பின் பின்னால் கிடந்த பலாப்பழம் பறந்து வந்து மாமனாரின் பிடரியில் இடித்தது.

"தடுப்பு போட்டாதான் இனிமே ஏறுவேன்" என்றார்.

இன்று ரெட்டியார்பாளையத்தில், பின் சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு போட்டோம். "வலை வேணாம், பழம் கிழிச்சிடும்" என்று தடித்த கம்பியாகப் பார்த்து எடுத்தவரும் அவர்தான்.

வழியில் அவருடைய சம்பந்தி வீட்டுக்கு ஒரு பலாப்பழம் வாங்கினோம். மாமனாரே தடுப்புக்குப் பின்னால் ஏறி, அதைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

"சம்பந்தி வீட்டுக்குப் போற பழம் மாப்ள. கம்பியில மோதி அடிபடக் கூடாது."

சிக்னலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு சார் உள்ள? என்ன கேஸு?"

மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு குடுத்த கேஸுப்பா."

பழத்துக்குத் தடுப்பு போட்டாயிற்று. மாமனாருக்கு எங்கே போடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.