சார்ஜர் ஓட்டையில் சந்தனம்

அத்தையின் பாராட்டு விழா மலருக்கு அவள் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டுமாம். கணினித் துறைப் பேராசிரியர், துறைத் தலைவர், எத்தனையோ பிள்ளைகளை ஆராய்ச்சியில் கரையேற்றியவர் என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஒரே ஓர் இடத்தில்தான் பேனா நிற்கிறது. முனைவர் பட்டம் வாங்கியதற்கும் பெரிய வேலையில் சேர்ந்ததற்கும் நடுவே நாலு வருஷம். காஞ்சிபுரத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் குப்பை கொட்டிய நாலு வருஷம். அதற்குக் காரணம் நான். மலரில் இதை எழுத முடியுமா?

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் ஒரே வீடு. கூடத்தில் இரண்டு பட்டுத் தறி. எனக்குத் தலை பின்னுவது, ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்வது எல்லாம் அத்தைதான். அம்மாவுக்கு என்னிடம் அத்தனை பொறுமை கிடையாது. அந்த அம்மாதான் ஒருநாள் அத்தையைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னாள்: “இந்த வேலை மட்டும் கெடச்சிட்டா இவ வடக்க போயிடுவா. அப்புறம் எங்க திரும்பி வரப்போறா?” அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை அன்று தறிக்கு மாலை போட்டுவிடுவார்கள். நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவும் என் பாடப் புத்தகங்களும் சாமி முன்னால் ஏறிவிடும். மறுநாள் காலைவரை யாரும் எதையும் தொடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை. அந்த வருஷம் அத்தையின் லேப்டாப்பும் ஆயுதம்தான் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அண்ணா, அந்த வேலைக்கி மனு அனுப்ப இன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. எங்க சாரு குடுக்கற லெட்டர் மத்தியானம்தான் வரும். வந்ததும் நான் அனுப்பியாவணும்” என்று அத்தை கெஞ்சினாள்.

“தறியே நின்னுக்கினு இருக்குது. ஒன் பொட்டி ஒரு நாள் நிக்கக் கூடாதாமா?”

அப்பா நடுவில் புகுந்து, தீபாராதனை முடிந்ததும் மூன்று மணிக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சம்மதம் மாதிரித்தான் இருந்தது.

சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. லேப்டாப் மூடியில் அழகாக மூன்று பொட்டு வைத்தேன். பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். நான் ஒன்றும் தெரியாத பாப்பா இல்லை. அந்தக் குட்டி ஓட்டையில் ஒயர் போகாவிட்டால் பொட்டி செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தீக்குச்சியால் சந்தனத்தை அள்ளி உள்ளே வைத்துக் குத்தினேன். ஓட்டை தெரியாத வரைக்கும் குத்தினேன். சரஸ்வதியிடம், அத்தைக்கு மட்டும் வேலை கொடுத்துவிடாதே என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். படிப்புக்கான சாமியிடம் இப்படி ஒரு வேண்டுதல்!

தீபாராதனைக்கு வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்து அனுப்புவதற்குள் நாலு மணி ஆகிவிட்டது. அத்தை ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தாள். காலையிலேயே பாதி தீர்ந்துபோன பேட்டரி. ஒயரைச் செருகினாள்; போகவில்லை.

“ஐயோ, என்னாச்சு இதுக்கு?”

புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி நோண்டினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவசரத்தில் ஊக்கு உள்ளே இருந்த கம்பியையும் வளைத்துவிட்டது. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். ஊரில் ஒரு நெட் சென்டர் இல்லை, ஒரு ரிப்பேர் கடை இல்லை. எல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரை இழுத்துவிட்டிருந்தார்கள். கல்லூரிக்கும் பூட்டு.

அத்தை இருக்கிற பேட்டரியில் முட்டிமோதிப் பார்த்தாள். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏறு, ஏறு என்று அவள் உதடு அசைந்தது. வீடே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. நானும் நின்றேன், ஏறாதே, ஏறாதே என்று. கடைசியாக அந்த லெட்டர் மட்டும் பாக்கி. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. மணி நாலு நாற்பது.

 அடுத்த இருபது நிமிஷமும் அத்தை கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம் அஞ்சு அடித்ததும் பெரியப்பா கத்தினார்: “எவ வெச்சா ஓட்டையில சந்தனத்த?”

நான் அம்மாவின் முந்தானைக்குள் நுழைந்தேன். அத்தை என் பக்கம் திரும்பினாள். சந்தனம் காய்ந்திருந்த என் விரலை, என் முகத்தை, மறுபடி என் விரலைப் பார்த்தாள்.

“பாப்பா மேலதான் வெச்சா. நான்தாண்ணா சாய்ச்சி வெச்சிட்டேன். வழிஞ்சி உள்ள போயிடுச்சி.”

“சாமி கிட்ட வெச்சத எடுக்கலாமா? அவ சக்தியக் காட்டிட்டா பாத்தியா” என்றார் பெரியப்பா. எதற்கும் காரணம் கேட்கிற அத்தை அதையும் கேட்டுக்கொண்டு ஒயரைச் சுருட்டி வைத்தாள்.

பொழுது சாயும்போது பின்கட்டுக் குழாயடியில் அவள் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒரு முகத்தைக் கழுவுவது என்று நான் மெல்லப் பக்கத்தில் போனேன்.

“அத்த, அப்ப நீ வடக்க போவ மாட்டியா?”

“போவலமா.”

“நெசமா?”

“நெசமா.”

கை தட்டிக் குதித்தேன். அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஓடிக் களைத்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அத்தை என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவே விடவில்லை. அவள் வயிறு குலுங்கிக் குலுங்கி அடங்கியது. அவளுக்கும் என்னைப் போலவே சிரிப்பு தாங்கவில்லை என்று நினைத்து, நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.