பின் சீட்டின் நாலு போல்ட்

அந்தக் கார் தொழிற்சாலையில் பின் சீட்டை மாட்டுகிறவருக்குக் கண்மூடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. இருபத்தாறு வருடமாக ஒரே இடத்தில் நின்று அதே சீட்டை முடுக்கியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தவறாது என்று பந்தயம் வைத்து ஒருமுறை ஜெயித்தும் காட்டினார். அதிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? பட்டுவிட்டு வேலையையும் பார்த்திருக்கலாம்.

அந்தக் காரைத் தொழிலாளிகள் குருவி என்பார்கள். சின்னக் குடும்பமும் வாங்கட்டும் என்று செய்த சின்ன வண்டி. முதலில் வந்ததற்கு இரண்டே கதவு. பின்னால் உட்காருகிறவர் முன் சீட்டை மடக்கி, தன்னையும் மடக்கித்தான் உள்ளே போக வேண்டும். ஜனங்கள் திட்டினார்கள், நாலு கதவு வந்தது. பிறகு பின்பக்கம் மேலே தூக்குகிற கதவு. டீசலில் ஒன்று, கியர் மாற்ற வேண்டாத ஒன்று, எல்லாம் வைத்து விலையும் ஏற்றி ஒன்று, கையால் சுற்றுகிற ஜன்னலோடு மலிவாக ஒன்று. முகத்தை மட்டும் மூன்று தடவை மாற்றினார்கள். எது மாறினாலும் பின் சீட்டின் நாலு போல்ட் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் அது எந்த ரகம், என்னென்ன மாட்ட வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். கண்மூடி அதைப் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

அப்புறம்தான் நீளக் குருவி வந்தது. பெரிய குடும்பத்துக்காக, மூட்டை முடிச்சு வைக்க வாலை நீட்டிய வண்டி. அதற்குத் தரையில் கூடுதலாக ஒரு தகடு. அதனால் போல்ட்டும் அரை விரல்கடை நீளம். பழைய போல்ட் நீலத் தட்டில், நீளப் போல்ட் மஞ்சள் தட்டில். காலையில் கூட்டம் போட்டு இதைச் சொன்னபோது கண்மூடி பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சீட்டு மாட்ட அவருக்கே பாடமா?

சாயங்காலம் கை கழுவப் போகிறபோதுதான் மஞ்சள் தட்டு கண்ணில் பட்டது. வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது. அன்றைக்கு அவர் கை வழியாகப் போன நீளக் குருவிகள் பத்தொன்பது. முடுக்குகிற கருவி எல்லாவற்றுக்கும் பச்சை விளக்குத்தான் காட்டியது. குட்டைப் போல்ட்டும் இறுகும்தான். ஆனால் மரையில் இரண்டு மூன்று சுற்றுதான் பிடித்திருக்கும். நிற்கிற வண்டிக்கு அது போதும். ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் சீட்டு ஆளோடு பிய்த்துக்கொண்டு வரும்.

சூப்பர்வைசரிடம் ஓடினார். சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. பத்தொன்பது தாளிலும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். மாமா மாட்டியதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போட்டிருந்தான்.

"பச்சை விளக்கு எரிஞ்சுதா இல்லையா மாமா?"

"எரிஞ்சுது மாப்ளே. ஆனா போல்ட்டு குட்டை."

"இப்ப வாயத் தெறந்தா ரெண்டு பேர் பொழப்பும் போச்சு. வண்டிங்க வெளிய மைதானத்துலதான நிக்குது, எங்க ஓடிடப் போகுது? நானே சத்தமில்லாம மாத்திடறேன். நீங்க பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அதுதான் முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. மச்சினன் இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து நாளை ஓட்டினான். கண்மூடிக்குச் சோறு இறங்கவில்லை. "உடம்புக்கு என்னங்க?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுவார்.

பதினோராம் நாள் சாப்பாட்டுக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. நீளக் குருவியை முதன்முதலாக வாங்கிய குடும்பமாம். புருஷன் பெண்டாட்டி சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின் சீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே வண்டி எண். அவர் குறித்து வைத்திருந்த பத்தொன்பதில் ஒன்று. கண்மூடி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் அறைக்குப் போனார்.

"மாட்டினது நான். தாளைப் பார்க்கல. தெரிஞ்சும் பத்து நாள் சொல்லல."

மைதானத்தில் நின்ற மிச்சம் பதினெட்டும் போல்ட் மாற்ற அன்று மதியமே உள்ளே வந்தன. தானே வந்து சொன்னதால் கண்மூடி எச்சரிக்கையோடு தப்பினார், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட மச்சினனின் பதவி போயிற்று. டயர் இறக்குகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இடி விழுந்தது.

"நான் தூக்கி வளத்த பிள்ளை அவன். அதிகாரிகிட்ட போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதாவது வண்டிக்கு நானே போகிறேன் என்று கண்மூடி கெஞ்சினார். அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார். "வழக்கமான சோதனைன்னு மட்டும் சொல்லுங்க. வேற பேச்சு வேண்டாம்."

அந்த வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்கி ஒரு வாரம்தான ஆகுது, அதுக்குள்ள என்ன சோதனை?"

அதிகாரி சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. குழந்தை அவருடைய கருவிப்பெட்டியை எட்டிப் பார்த்தது. "சோதனை இல்லம்மா. பின் சீட்டுக்குத் தப்பான போல்ட்டு போட்டிருக்கு. போட்டது நான்தான்," என்றார்.

"இவ தினமும் அதுலதான் பள்ளிக்கூடம் போறா."

"அதுல உக்காந்திருந்த போட்டோவைப் பார்த்தேம்மா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு போல்ட்டாக அவர் கழற்றி மாட்டுவதைப் பார்த்தாள். முடிந்ததும் குழந்தையை வீட்டுக்குள் புருஷனிடம் விட்டுவிட்டுச் சாவியோடு வந்தாள்.

"பின்னாடி ஏறுங்க."

ஏறி நடுவில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். தெருக்கோடியில் ஆளில்லாத நேர்ச்சாலை. வேகமாகப் போனவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பெல்ட் தோளை அறுத்தது, முழங்கால் முன் சீட்டின் ஓரத்தில் இடித்தது. சீட்டு அசையவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை மிதித்தாள். அப்போதும் அசையவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நடுவுல உக்காராதீங்க. என் பொண்ணு அந்த ஜன்னல் பக்கம்தான் உக்காருவா. அங்க நகருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டியைத் திருப்பினாள்.